மாத்திரை அட்டையும் ஏழு கேள்விகளும்

தமிழ்நாட்டில் ஒரு ஜிம்மில் சேரப் போகிறவர் முதலில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். பெயர், வயது, உயரம், எடை, கைபேசி எண், எத்தனை மாதக் கட்டணம். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: பயிற்சியின்போது நேரும் அசம்பாவிதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. பஸ் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கும் பலகையிலும் இதே வரிதான். அங்கே சைக்கிளுக்கு, இங்கே நெஞ்சுக்கு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த வரியின் பங்காளிகளை எனக்கு நன்றாகத் தெரியும். எந்தச் செயலியைத் திறந்தாலும் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் வருகிறதே, அது இதற்குப் பெரியப்பா முறை. யாரும் படிக்காமல் அமுக்குவார்கள் என்று அதை வைக்கிற எங்களுக்கும் தெரியும். நாளைக்கு வழக்கு என்று வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக இருக்கும் வரி அது. ஜிம் தாளில் இருக்கும் வரியும் முதலாளியைத்தான் காப்பாற்றுகிறது. சேர வந்தவரைக் காப்பாற்றும் கேள்வி ஒன்றுகூட அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். ஏன் கேட்பதில்லை என்பதற்குக் காரணம் சோம்பல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை என்பது சேத்தியாத்தோப்பில் என் அத்தை மகன் நடத்தும் ஜிம்மைப் பக்கத்திலிருந்து பார்த்ததில் தெரிந்தது.

விருத்தாசலம் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த ஜிம். இரண்டு ட்ரெட்மில், சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒரு ஆஞ்சநேயர் படம், பக்கத்திலேயே அர்னால்ட். விடிகாலை ஐந்து மணிக்கு போலீஸ், ராணுவத் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள் வருவார்கள். அவர்கள் கையில் காசு இருக்காது, உடம்பில் நோயும் இருக்காது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு. அதை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள். கொரோனாவுக்குப் பிறகு மூன்றாவதாக ஒரு கூட்டம் சேர்ந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பஸ் டிரைவர், தலைமை ஆசிரியர், நகைக்கடைக்காரர். எல்லோரும் ஒரே வாக்கியத்தோடு மாடி ஏறி வந்தார்கள்: "டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லிட்டாரு தம்பி."

டாக்டர் சொன்னது அவ்வளவுதான். சீட்டில் மாத்திரைக்கு அளவு உண்டு, வேளை உண்டு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது உண்டு. உடற்பயிற்சிக்கு மட்டும் எதுவும் இருக்காது. எவ்வளவு, எந்த வேகம், எதைச் செய்யக் கூடாது என்பதெல்லாம் மாடியில் இருக்கிற முப்பத்திரண்டு வயதுப் பையன் தீர்மானிக்க வேண்டியது.

அவன் சென்னையில் ட்ரெய்னர் கோர்ஸ் படித்தபோது ஆங்கிலத்தில் ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை என்னிடம் நீட்டினான்.

"மச்சான், இதைத் தமிழ்ல போட்டு, போன்ல அமுக்குற மாதிரி செஞ்சு குடு."

எங்கள் தொழிலில் ஒரு கேள்வியை எழுதினால் 'ஆம்' என்றால் எங்கே போவது, 'இல்லை' என்றால் எங்கே போவது என்று இரண்டு வழியும் போட்டாக வேண்டும். அதனால் கேட்டேன்: "ஒருத்தர் ஆமான்னு அமுக்கிட்டா என்ன செய்வே?"

"டாக்டரைப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லணும்னு இதுல போட்டிருக்கு."

"பாத்துட்டு வருவாங்களா?"

"எங்க வர்றது. புவனகிரில இன்னொரு ஜிம் இருக்கு. அங்க போயி இல்லைன்னு அமுக்குவாங்க."

*

அந்தத் தாளின் பெயர் பார்-க்யூ. 1970களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உருவானது. வீட்டிலிருந்தபடியே உடல்திறனைச் சோதித்துக்கொள்ளும்படி மக்களை அரசாங்கமே ஊக்குவித்த காலம். லட்சக்கணக்கானவர்களை டாக்டர் பார்த்து அனுப்ப முடியாது. ஆனால் அதில் நெஞ்சு பலவீனமான சிலரை முன்கூட்டியே பிரித்தெடுக்கவும் வேண்டும். அதற்காகப் பெரிய கேள்விப் பட்டியல் ஒன்றைச் சலித்து ஏழு கேள்விகளாகச் சுருக்கினார்கள். இதயக் கோளாறு இருப்பதாக டாக்டர் சொன்னதுண்டா, உழைக்கும்போது நெஞ்சு வலி வருமா, சும்மா இருக்கும்போது வருமா, தலைசுற்றலோ மயக்கமோ உண்டா, எலும்பு மூட்டில் கோளாறு உண்டா, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பதற்கு வேறு காரணம் எதுவும் உண்டா. ஏழுக்கும் 'இல்லை' என்றால் தொடங்கலாம். ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் முதலில் டாக்டர். 1992இல் திருத்தினார்கள். 2011இல் மேலும் விரிவாக்கி பார்-க்யூ ப்ளஸ் வந்தது. உலகம் முழுக்க ஜிம்களில் நிரப்பப்படும் தாள்களுக்கு இதுதான் மூதாதை.

கேள்விகள் நல்ல கேள்விகள்தான். சிக்கல் அவற்றைத் தமிழில் கேட்கும்போது வந்தது. முதல் வாரம் அப்படியே மொழிபெயர்த்த தாளை வைத்துக் கேட்டுப் பார்த்தான். 'மார்பு வலி உண்டா?' என்றால் எல்லோரும் இல்லை என்றார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கும் மார்பு வலிப்பதில்லை. நெஞ்சு கரிக்கும். வாயு பிடிக்கும். நெஞ்சு அடைக்கிற மாதிரி வந்து ஒரு ஏப்பம் விட்டால் போய்விடும். நடுநாட்டுப் பேச்சுக்கென்று கண்மணி குணசேகரன் தனியாக ஒரு சொல்லகராதியே தொகுத்திருக்கிறார். உடம்பைப் பற்றி எங்கள் ஆட்கள் புழங்கும் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதற்கான அவசியம் புரியும். படபடப்பு வேறு, பதைபதைப்பு வேறு. தலைசுற்றல் வேறு, கிறுகிறுப்பு வேறு, கண்ணைக் கட்டிக்கொண்டு வருவது வேறு. கனடாக்காரருக்கு ஒரு சொல்லில் அடங்கியது இங்கே நாலு சொல்லாகப் பிரிந்து கிடக்கிறது. அந்த நாலில் மூன்றை யாரும் நோயாக நினைப்பதில்லை.

ஆகவே கேள்வியை மாற்றினோம். "வேகமா நடந்தா, மாடி ஏறினா, நெஞ்சுலயோ தோள்பட்டையிலயோ தாடையிலயோ கரிக்கிற மாதிரி, அழுத்துற மாதிரி, அடைக்கிற மாதிரி வந்து, கொஞ்சம் நின்னா சரியாப் போவுதா?" உழைப்பில் வந்து ஓய்வில் போகிற எதுவும், அதற்கு வாயு என்று பெயர் வைத்தாலும், இதயத்தைச் சந்தேகிக்க வேண்டிய விஷயம். இந்தக் கேள்விக்கு அந்த மாதமே இரண்டு பேர் யோசித்து, "அட ஆமாம்பா, அது ரொம்ப நாளா இருக்கு" என்றார்கள்.

மூட்டுக் கேள்வியில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. நாற்பத்தைந்தைத் தாண்டிய அத்தனை பேருக்கும் முட்டி வலி. ஒரு 'ஆம்' வந்தாலே டாக்டர் என்றால் ஜிம்மை மூடிவிட்டு ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை போடலாம். அந்தக் கேள்விக்கு மட்டும் வழி வேறு: டாக்டரிடம் அனுப்ப வேண்டாம், பயிற்சியை மாற்றினால் போதும். உட்கார்ந்து எழுவதற்குப் பதில் நாற்காலியில் பாதி வரை, ஓடுவதற்குப் பதில் நடை.

*

இவ்வளவு கேட்கத்தான் வேண்டுமா என்று ஒரு கேள்வி எழும். 2021 அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோது அவருக்கு 46 வயது. உடற்பயிற்சி செய்தபின் உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனவர், சில மணி நேரத்தில் இல்லை. உடலைப் பேணியவர் என்று பெயரெடுத்தவர் என்பதால் அதிர்ச்சி பெரிதாக இருந்தது. பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனையில் இதயப் பரிசோதனைக்காகக் கூடிய கூட்டம் செய்தியாயிற்று. சேத்தியாத்தோப்பு வரைக்கும் அதன் அலை வந்தது. அத்தை மகனிடம் பணம் கட்டியிருந்த நாலைந்து பேர் வருவதை நிறுத்தினார்கள். ஜிம்முக்குப் போனால் ஆளே போய்விடுவான் என்று ஊரில் ஒரு பேச்சு.

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1993இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிட்டில்மேனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. மாரடைப்பு வந்த 1,228 பேரிடம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். கடுமையாக உழைத்த ஒரு மணி நேரத்துக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு, மற்ற நேரங்களைவிட ஏறத்தாழ 5.9 மடங்கு. ஆனால் இது சராசரி. வாரத்துக்கு ஐந்து நாளாவது உழைத்துப் பழகியவர்களுக்கு 2.4 மடங்குதான். வாரம் ஒரு தடவைகூட உழைக்காதவர்களுக்கு 107 மடங்கு.

இந்த 107ஐப் பார்த்து மிரள வேண்டியதில்லை. நம் வாழ்வின் ஏதோ ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகமிகச் சிறியது. அதை நூறால் பெருக்கினாலும் சிறியதுதான். உடற்பயிற்சியே செய்யாமல் இருந்தால் ஆயுள் முழுக்கச் சேரும் ஆபத்து அதைவிடப் பெரியது. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு ட்ரெய்னருக்கு முக்கியமான செய்தி. இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் முதல் வாரமே தன் வீரத்தைக் காட்டுவதுதான் ஆபத்தான நேரம். பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணாடி முன்னால் நாற்பத்தெட்டு வயதுக்காரர் எடையைக் கூட்டச் சொல்வது அப்போதுதான். கேள்விகள் எல்லாம் அந்த முதல் சில வாரங்களுக்காகவே.

*

மனிதர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்வார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. சர்க்கரை இருப்பது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று பயந்து வெளியே சொல்லாத தகப்பனாரை எனக்குத் தெரியும். டிரைவருக்கு, பி.பி. இருக்கிறது என்று சொன்னால் டிப்போ வரை போகும் என்ற பயம். இன்னொரு வகை, பொய்யென்று தெரியாமலே சொல்வது. "பி.பி. இருக்குங்களா?" "அதெல்லாம் இல்லப்பா, நார்மல்." "மாத்திரை?" "காலையில ஒண்ணு போடுறேன், அதான் நார்மல்."

இதற்கு அத்தை மகன் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்தது. வாயால் கேட்பதைக் குறைத்துவிட்டு, "நாளைக்கு வரும்போது சாப்பிடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்தாங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். 'நோய் இருக்கிறதா' என்றால் மானப் பிரச்சினை. 'அட்டையைக் கொண்டு வாருங்கள்' என்றால் மளிகைக் கடைக்குப் பை எடுத்துப் போகிற மாதிரி. எல்லோரும் கொண்டுவந்தார்கள். அட்டை பொய் சொல்லாது.

அட்டையில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. அட்டெனொலால், மெட்டோப்ரொலால் என்று முடிகிற மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் துடிப்பு வரும்வரை ஓடு என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணை இவர்களுக்குப் பொருந்தாது. துடிப்பு ஏறவில்லையே என்று வேகத்தைக் கூட்டினால் ஆள் திணறிப் போவார். க்ளிமெபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் வேறு ரகம். உடற்பயிற்சி தானாகவே சர்க்கரையைக் குறைக்கும். மருந்தும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் கை நடுங்கி, வேர்த்து, கண்ணைக் கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்தப் பயம் அவ்வளவாக இல்லை. எங்கள் ஊரில் காலையில் வெறும் வயிற்றில் ஒரு வரக்காப்பி குடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருவது கௌரவமாகக் கருதப்படுகிறது. க்ளிமெபிரைடு அட்டை வைத்திருப்பவர்கள் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் மாடி ஏற வேண்டும் என்று இப்போது அங்கே சட்டம். மேசை இழுப்பறையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் உண்டு.

மருந்தை நிறுத்தச் சொல்வதோ மாற்றச் சொல்வதோ அவன் வேலை இல்லை. அந்தக் கோட்டை அவன் தாண்டியதில்லை. அட்டையைப் படிப்பது எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்.

*

என் அப்பா எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நாலு வயது. பதினாறு வருடமாகச் சர்க்கரை. 'ஆலையில வேலை பார்த்தவனுக்கு வேற என்ன வரும்' என்று அவரே கிண்டலடிப்பார். பி.பி. கிடையாது. நெஞ்சு வலி, கரிப்பு, அடைப்பு எதுவும் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்து தொப்பை போட்டதும், தங்கச்சி மகன் ஜிம்மிலேயே சேர்ந்துவிடலாம் என்று ஒரு நாள் புது டி-ஷர்ட்டோடு கிளம்பினார்.

பழைய ஏழு கேள்விகளையும் அவரிடம் கேட்டால் ஏழுக்கும் உண்மையாகவே 'இல்லை'தான். அந்த ஏழில் சர்க்கரை நோய் பற்றி நேரான கேள்வி கிடையாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இன்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். அப்படிப்பட்ட நாட்டில் அந்தக் கேள்வி இல்லாத தாளை அப்படியே ஜெராக்ஸ் போடக் கூடாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015இல் தன் விதிகளை மாற்றி எழுதியபோது மூன்றே விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: இப்போது தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறாரா, இதய நோய், சர்க்கரை, சிறுநீரக நோய் அல்லது அவற்றின் அறிகுறி இருக்கிறதா, எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்யப்போகிறார். பழக்கமில்லாதவருக்குச் சர்க்கரை இருந்தால், அறிகுறியே இல்லாவிட்டாலும், தொடங்கும் முன் மருத்துவர் ஒப்புதல். ஏற்கெனவே பழகியவராக இருந்தால் மிதமான பயிற்சிக்கு அது தேவையில்லை. டாக்டரிடம் அனுப்பப்படும் கூட்டத்தைக் குறைப்பதற்காகவே அந்த மாற்றம். அப்படிக் குறைத்த வலையிலும் அப்பா சிக்கினார்.

"மாமா, டாக்டர் எழுதிக் குடுக்காம ட்ரெட்மில் கெடையாது."

"என்னடா, என்னைய நோயாளிங்கிறியா? மூட்டை தூக்குன ஒடம்புடா இது."

"ஒடம்ப யாரு மாமா குறை சொன்னா. பதினாறு வருசச் சக்கரை. ஒரு ஈசிஜி எடுத்துட்டு வாங்க, அப்புறம் நானே தூக்கி மேல விடுறேன்."

அப்பா ஒரு வாரம் அவனிடம் பேசவில்லை. அத்தைக்கு போன் போட்டு, உன் பையனுக்கு மரியாதை தெரியவில்லை என்று சொல்லிப் பார்த்தார். அத்தை மகன் இறங்கவில்லை. சொந்தத் தாய்மாமனிடம் அப்படி நிற்பதற்கு எங்கள் ஊரில் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் அம்மாதான் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனாள். ஈசிஜி எடுத்தவர் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அப்பாவிடம் கேட்டது: "எப்ப அட்டாக் வந்துச்சு?"

எப்போது வந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. நீண்ட நாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கும்போது இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகளும் மங்கிப் போகலாம். மாரடைப்பு ஓர் அசதியாகவோ, ஒரு நாள் வேர்வையாகவோ வந்து போய்விடும். எக்கோ, ஆஞ்சியோகிராம், ஒரு ஸ்டென்ட். மூன்று மாதம் கழித்து இதய மருத்துவரே நடைப்பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். ஈசிஜி சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை, எத்தனையோ அடைப்புகள் அதில் தெரியாது என்றும் அவர் சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

வலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் அவர் அன்றைக்கே ட்ரெட்மில்லில் ஏறியிருப்பார்.

*

இன்னொருவர். சேத்தியாத்தோப்புக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான தேகம். ஜிம்முக்கு வருகிற ஆளே இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, "அப்பா மெலிஞ்சு போயிட்டாரு, கொஞ்சம் ஒடம்பைத் தேத்தி விடுங்க" என்று சேர்த்துவிட்டான். சர்க்கரை இல்லை, பி.பி. இல்லை, அட்டை இல்லை. எல்லாக் கேள்விக்கும் இல்லை. அத்தை மகன் ஒன்றைக் கவனித்தான். மாடிப்படி ஏறி வந்தவர் பதில் சொல்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துக்கொண்டார்.

"என்ன வேலைண்ணே பாத்தீங்க?"

"பீங்கான்ல. இருவத்திரண்டு வருசம்."

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போனது. செராமிக் தொழிற்பேட்டை உண்டு, அந்தத் தொழில்நுட்பம் படிக்க ஒரு கல்வி நிலையமே உண்டு. கார்த்திகை விளக்கிலிருந்து மின்சார ஃப்யூஸ் கட்டை வரை அங்கிருந்து போகிறது. களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கற்களையும் மாவாக அரைத்துச் சேர்ப்பார்கள். குவார்ட்ஸ் என்பது சிலிக்கா. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த பொருளைத் தேய்த்து வழவழப்பாக்கும்போது பறக்கும் தூசு கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததே அதிகம். நுரையீரலின் அடி வரை போய்த் தங்கி, அங்கே தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்று பெயர். வேலையை விட்டு வருடக்கணக்கான பிறகும் தலைகாட்டும், முற்றும். தழும்பைக் கரைக்க மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் அது கூட்டும்.

'நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்ற கேள்வி அந்த ஏழில் இல்லை. ஏழில் பெரும்பாலானவை இதயத்தைச் சுற்றி வருகிற கேள்விகள். அவரைத் தேற்றுகிறேன் என்று கனத்த எடையைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை. அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, சளி பரிசோதனை செய்து, காசநோய் இல்லை, நுரையீரலில் தூசுத் தழும்பு என்றார்கள். வயசானால் மூச்சு வாங்கும் என்றே அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வாங்குகிறது, அதனால் அது நோய் என்று தோன்றவே இல்லை.

இப்போது அந்தத் தாளில் முதல் கேள்வி அதுதான். பெயர், வயது, அடுத்து என்ன வேலை, எத்தனை வருடம்.

*

கேள்வியைவிடக் கடினமானது 'ஆம்' என்று வந்த பிறகு இருக்கும் வழி. புவனகிரி ஜிம்மைப் பற்றி அவன் சொன்னது வேடிக்கைக்காக இல்லை. 'டாக்டரைப் பாத்துட்டு வாங்க' என்பது ஒரு கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு, பாதி நாள் வரிசை. அவ்வளவு செலவழித்துப் போனாலும் 'ஜிம்முக்குப் போகத் தகுதியானவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த டாக்டரும் யோசிப்பார். நாளைக்கு ஏதாவது ஆனால் அந்தத் தாள் அவர் கழுத்தைச் சுற்றும். பொறுப்பல்ல என்ற வரியை ஆளாளுக்கு அடுத்தவர் மேல் தள்ளிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடப்பது.

அதனால் டாக்டரிடம் தகுதியா என்று கேட்பதை விட்டுவிட்டோம். அரைப் பக்கத் தாள் ஒன்று செய்தோம். இவர் எங்களிடம் செய்யப்போவது இது என்று மேலே இருக்கும்: முதல் மாதம் சமதளத்தில் நடை, உட்கார்ந்தபடி லேசான எடை. கீழே மூன்று கேள்வி: இதில் எதைத் தவிர்க்க வேண்டும்? சர்க்கரை, ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தால் அன்றைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்? எந்த அறிகுறி வந்தால் உங்களிடம் உடனே அனுப்ப வேண்டும்? இதற்கு டாக்டர்கள் மறுக்காமல் எழுதித் தருகிறார்கள். கண்ணின் உள்ளே ரத்தக்குழாய் பாதித்த சர்க்கரை நோயாளி ஒருவருக்கு, 'மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கவே கூடாது' என்று சிவப்பு மையில் எழுதி வந்தது. அப்படித் தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். அவர் அதுவரை தூக்கிக்கொண்டிருந்தார்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி வீட்டு வாசலிலேயே இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதாவது ஜிம் கேட்க வேண்டிய கேள்வியில் பாதியை அரசாங்கம் ஏற்கெனவே திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டது. அந்த எண்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னால் போதும். ஊர்த் தன்னார்வலர் அக்காவே இப்போது பெண்கள் நேரத்தில் சேர்ந்திருக்கிறார்.

பெண்கள் நேரத்தில் தாளே வேறு. ஆண் நிற்கிற இடத்தில் எந்தப் பெண்ணும் எதையும் சொல்ல மாட்டாள் என்பதால் அத்தை மகன் மனைவிதான் கேட்கிறாள். குழந்தை பிறந்து எத்தனை மாதம், ஆபரேஷனா, மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. 'நாலு எட்டு வச்சாலே மூச்சு வாங்குது, குண்டாயிட்டேன்' என்று வந்தவர்களில் சிலருக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்து மாத்திரை. அதற்கும் ஒரு மாதம் கழித்துத்தான் ட்ரெட்மில்.

இதனால் அவனுக்கு வருமானம் கூடவில்லை. முதல் வருடம் குறைந்தது. கேள்வி கேட்கிற ஜிம் என்று கேலிப்பெயரே வந்தது. அவனோ, திருப்பி அனுப்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள் என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறான். வராதவர்களுக்கு போன் போடுகிறான். 'டாக்டரைப் பாத்தீங்களாண்ணே?' ஒரு மனிதரைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, அவர் அதற்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் கேட்டவன்தான் அவருக்குக் கெடுதல் செய்தவன் என்கிறான். நான் செய்துகொடுத்த செயலியில் அதற்கென்று தனியாக ஒரு பட்டியல் வைக்கச் சொன்னான். அதன் தலைப்பை அவனே எழுதினான்: 'திரும்பக் கூப்பிட வேண்டியவர்கள்'.

அப்பா இப்போது மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறார். நாடியை வைத்து அவருக்கு வேகம் சொல்ல முடியாது. அதற்கு உலகம் முழுக்கப் புழங்கும் எளிய அளவுகோல் ஒன்றிருக்கிறது: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதவில்லை. பேச்சே திணறினால் வேகம் அதிகம். வாரம் நாலு நாள் சாயங்காலம் வெள்ளாற்று அணைக்கட்டு வரைக்கும் நடை, தங்கச்சி மகன் கூடப் போகிறான். வீட்டில் மூன்று வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் டாக்டர் உத்தரவின் பேரில் பேசிக்கொண்டே நடக்கிறார். அரவைப் பருவத்தில் ஆலை வாசலில் மாட்டு வண்டிகள் எது வரைக்கும் நிற்கும், வெட்டு உத்தரவுக்காக யார் யார் சண்டை போட்டார்கள், பாய்லர் பக்கத்தில் இரவு வேலைக்கு என்ன பாட்டுப் பாடுவார்கள் என்பதெல்லாம் எனக்கு இப்போதுதான், அதுவும் அவன் வழியாகத் தெரியவருகிறது. பாட்டைப் பற்றிச் சொல்லும்போது அப்பா ஒரு வரி இழுத்துப் பார்ப்பாராம். சுருதி பிசகாமல் வந்துவிட்டால் அவன், "மாமா, கொஞ்சம் எட்டி வைங்க" என்பானாம்.